கையை விடாத துவக்கு

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. துவக்குக்குக் கைப்பிடி வைக்கவேணும்.

பயப்பிடாதேங்கோ. அது காத்துத் துவக்கு. கடதாசியில வட்டம் கீறி, அதுக்குச் சின்ன ஈயக்குண்டு அடிக்கிற விளையாட்டுச் சாமான். இங்கிலாந்தில அதுக்கு லைசென்சும் தேவையில்லை.

ஆனா என்ர ஆசை துவங்கினது அதில இல்லை.

லண்டனுக்கு வர முன்னம் நாங்கள் சுவிசில கன வருசம் இருந்தனாங்கள். அங்க ஞாயிற்றுக்கிழமை எண்டால் சனம் துவக்கைத் தோளில கொழுவிக்கொண்டு ரெயின் ஏறி, குறிபாத்துச் சுடுற விளையாட்டுக்குப் போகும். பக்கத்தில இருக்கிற கிழவி பேப்பரை விட்டுத் தலையை நிமித்தமாட்டா. என்னோட வேலை செய்த ஒருத்தன் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டான். பிறகு பிள்ளையள் இங்கிலிசில படிக்கவேணும் எண்டு மனுசி வசந்தி முடிவெடுக்க, செவன் கிங்ஸில வந்து இறங்கினம். பிள்ளையளுக்கு இங்கிலிசு வந்திட்டுது. எனக்குத் துவக்கு ஆசை போகேல்லை.

அந்த நேரம் பாத்து வீட்டுக்கு இன்ரநெற் வந்தது. அமெரிக்காக்காரர் தங்கட கராஜுக்குள்ள இருந்து, விசையை அமத்த அமத்தத் தானாக் குண்டேறுற, எவ்வளவு தூரத்தில இருந்தாலும் குறி தப்பாத துவக்கைத் தாங்களே பூட்டுற வீடியோக்கள். அதுக்கு அவை வைச்ச பேர் 'கஸ்டம் ரைபிள்'. எங்கட பாசையில அதுக்கு என்ன அர்த்தம் எண்டு நான் அப்பவே யோசிச்சிருக்கவேணும்.

எசெக்ஸ் பக்கம் நான் சேர்ந்த கிளப்பில பீற்றர் எண்டொரு வயசான மனுசன். அவரிட்ட, இப்பிடி ஒண்டை நான் வீட்டில செய்யலாமோ எண்டு கேட்டன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழ வைச்சார். செய்யலாம், ஆனா மிச்சத் தச்சுவேலையை ஜெயிலுக்குள்ள இருந்துதான் செய்யவேண்டி வரும் எண்டார். உனக்குக் கை அரிச்சால், ஒரு காத்துத் துவக்கை வாங்கி அதின்ர மரக்கட்டையை மட்டும் உன்ர உடம்பு அளவுக்குச் செய், ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம் எண்டும் சொன்னார்.

ஒருத்தரும் கேக்காயினமாம். பாவம் அந்த மனுசன், என்னைப் பற்றி அவருக்கு வடிவாத் தெரியாது.

நான் குசினி பூட்டுறவன். சமையலறைக்கு அலுமாரி, பலகை எல்லாம் பொருத்துற வேலை. வால்தம்ஸ்டோவில ஒரு வீட்டில குசினி பூட்டின மிச்சம், நல்ல ஓக் பலகை ஒண்டு பின் ஷெட்டுக்குள்ள கிடந்தது. அதில தோளுக்கு ஒரு கட்டை, கன்னம் வைக்க ஒரு மேடு, பெருவிரல் நுழைய ஒரு ஓட்டை எல்லாம் செதுக்கினன். பழசா வாங்கின ஒரு காத்துத் துவக்கின்ர குழலையும் தொலைநோக்கியையும் அதில ஏத்திப் பூட்டினன். வசந்தி வந்து சுத்திப் பாத்திட்டு, ஆருக்குக் கால் முறிஞ்சது எண்டு கேட்டா.

கலை விளங்காத ஆக்களோட கதைச்சுப் பிரயோசனமில்லை.

மிஞ்சினது கைப்பிடி மட்டும்தான். அடுத்தநாள் கிளப்பில போட்டி. கைப்பிடி எண்டால் என்ர உள்ளங்கைக்கு அச்சா இருக்கவேணும். அதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு களியைச் சேத்துப் பிசைஞ்சால் கல்லு மாதிரி இறுகிற பசை ஒண்டு விக்குது. அதை மரத்தில அப்பி, கையுறை போட்டு, கிறீஸ் தடவி, கொஞ்ச நேரம் பொத்திப் பிடிச்சிட்டுக் கையை எடுக்கவேணும். கை அடையாளம் அப்பிடியே விழும்.

பெட்டியில எல்லாம் எழுதியிருந்தது. குசினி பூட்டிப் பூட்டி எனக்கு அந்தக் குறிப்பு வாசிக்கிற பழக்கம் விட்டுப்போச்சு.

கையுறை போட்டால் அச்சு வடிவா விழாது எண்டு அதை விட்டன். கிறீஸ் இல்லை. குசினிக்குள்ள நல்லெண்ணெய் இருந்தது. ரெண்டும் வழுக்கிற சாமான்தானே.

பசையைத் தாராளமா அப்பினன். பெருவிரலை ஓட்டைக்குள்ள விட்டு, மிச்ச விரலைச் சுத்தி, பொத்திப் பிடிச்சன். விரலிடுக்கால எல்லாம் பசை பிதுங்கி வந்து புறங்கையையும் மூடிச்சு. சோக்கான பிடி. ஆகச் சோக்கான பிடி.

அப்பதான் ரெலிபோன் அடிச்சது.

சூரிச்சில இருக்கிற மச்சான், வசந்தியின்ர மூத்த தமையன். அவர் எடுத்தால் நாங்கள் வைக்கிற வழக்கம் இல்லை. அவராத்தான் வைக்கவேணும். இடக்கையால போனைப் பிடிச்சுக்கொண்டு ஓம், ஓம் எண்டுகொண்டு நிண்டன். மகளின்ர கலியாணத்துக்கு மண்டபம் பாத்த கதை. முதல் மண்டபத்தில கார் விட இடமில்லை. ரெண்டாவதில தூண் மறைக்குது. மூண்டாவது மண்டபக்காரன் மரியாதை தெரியாதவன். எல்லா மண்டபத்தையும் சுத்திப்போட்டு, கடைசியா முதல் மண்டபத்தையே எடுத்ததாச் சொல்லி போனை வைச்சார்.

நான் கையை எடுத்தன். துவக்கும் கூட வந்தது.

சரி, கொஞ்சம் ஆட்டிப் பாப்பம் எண்டு ஆட்டினன். சவுக்காரத் தண்ணிக்குள்ள விட்டன். துவக்கைக் காலால மிதிச்சுக்கொண்டு கையை இழுத்தன். தோள் கழண்டுபோகும் போல இருந்ததே தவிர, கை அசையேல்லை. குழலையாவது கழட்டுவம் எண்டு பாத்தால், அதைக் கட்டையோட பிடிக்கிற முக்கியமான ஸ்குரூ அந்தப் பசைக்கு அடியில. வலக்கைக்காரன் நான். இடக்கையில உளியை எடுத்துப் பாத்தன். உளி பசையை விட்டு என்ர மணிக்கட்டுப் பக்கம் வழுக்கிச்சு. வைச்சிட்டன்.

வசந்திக்குப் போன் எடுத்தன். அவ சூப்பர்மார்க்கெற்றில வேலை, அண்டைக்குக் காலமை ஷிப்ட். ஒரு சின்னப் பிரச்சினை, கெதியா வாரும் எண்டன். பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில இருந்தது நல்லதாப் போச்சு. அதுகள் பாத்திருந்தால் இந்த வயசில எனக்கு மிஞ்சியிருக்கிற மரியாதையும் போயிருக்கும்.

அவ வந்தா. கதவடியில நிண்டபடி என்னையும் பாத்தா, துவக்கையும் பாத்தா.

"நீங்கள் துவக்கைப் பிடிச்சிருக்கிறியளோ, துவக்கு உங்களைப் பிடிச்சிருக்கோ?"

பிறகு கதிரையில இருந்து, கண்ணில தண்ணி வருமட்டும் சிரிச்சா. நான் பொறுமையாக் காத்துக்கொண்டு நிண்டன். எனக்கு வேற வழியும் இல்லை.

ஆனா என்ர சின்னவிரலைக் கண்டவுடன அவவின்ர சிரிப்பு நிண்டுபோச்சு. விரல் வீங்கி, நுனி நீலமா வந்திருந்தது. கிள்ளிப் பாத்தா. எனக்குத் தெரியேல்லை. உடன ஆஸ்பத்திரி எண்டா.

வெளிக்கிடுறது லேசில்லை. சின்னப் பிள்ளைக்கு மாதிரி எனக்குக் காற்சட்டை மாட்டிவிட்டா. சேர்ட் போட ஏலாது, கைக்குள்ளால துவக்குப் போகாது. பெனியனோட நிண்ட என்ர மேல தன்ர சிவப்புச் சால்வையைப் போத்தினா. துவக்கை ஒரு பெரிய துவாயால சுத்தி, காரின்ர பின் சீற்றில என்னைக் குறுக்கா ஏத்தினா. குழல் பின் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு கிடந்தது.

துவாய் எப்ப வழுக்கினது எண்டு எனக்குத் தெரியாது. கை விறைச்சுப் போயிருந்ததால தெரியேல்லை. இல்ஃபோர்ட் சிக்னலில கார் நிக்கேக்க, எங்களுக்குப் பின்னால நிண்ட காருக்குள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு குனியிறதைக் கண்டன். அவவுக்குத் தும்மல் வருது எண்டு நினைச்சன்.

ஆஸ்பத்திரி கார் பார்க்கில வசந்தி காரை நிப்பாட்டி, கதவைத் திறந்து, என்னை மெல்ல வெளிய இழுத்தா. நான் ரெண்டு அடி வைச்சிருப்பன். ரெண்டு பொலிஸ் கார் சத்தமில்லாமல் வந்து முன்னுக்கும் பின்னுக்கும் நிண்டது. இறங்கினவையின்ர கையில இருந்தது காத்துத் துவக்கு இல்லை.

இது 2009. லண்டனில ஒரு தமிழன் கையில துவக்கோட நிக்கிறதுக்கு அதைவிடப் பொருத்தமில்லாத வருசம் கிடையாது. சிரிச்சுச் சிரிச்சு இதை எழுதுறன், ஆனா அண்டைக்கு நான் சிரிக்கேல்லை. காருக்குப் பின்னால இருந்து ஒருத்தர் கத்தினார்.

"ஆயுதத்தைக் கீழ போடு."

போட எனக்கு மட்டும் விருப்பமில்லையோ? காலமை முழுக்க நான் செய்த வேலையே அதுதானே. ஆனா இங்கிலிசு முழுக்க எனக்கு மறந்துபோச்சு. வாயில வந்தது ஒரே ஒரு சொல்லு.

"ஏலாது."

அவருக்கு விளங்கேல்லை. திரும்பவும், இன்னும் சத்தமாக் கீழ போடச் சொன்னார். நான் முழங்காலில இருந்தன், இடக்கையை உயத்தினன், வலக்கையை ஆட்டாமல் நிலத்தில வைச்சன்.

"ஏலாது, சேர்."

அந்த நேரம் வசந்தி ரெண்டு கையையும் உயத்திக்கொண்டு முன்னுக்கு வந்தா. சூப்பர்மார்க்கெற்றில கள்ள வவுச்சர் கொண்டு வாறவையோட கதைக்கிற குரல். அதே குரலில, ஒரு நடுக்கமும் இல்லாமல் இங்கிலிசில சொன்னா: "இவர் ஆபத்தான ஆள் இல்லை. விசர் ஆள். பசை ஒட்டிப்போச்சு."

பிறகு ஒருத்தர் மெல்ல மெல்லக் கிட்ட வந்தார். குனிஞ்சு பாத்தார். துவக்குக்குள்ள குண்டில்லை எண்டு பாத்தார். என்ர கையைப் பிடிச்சு மெல்ல இழுத்துப் பாத்தார். துவக்கும் வந்தது. அவர் மற்றவையைத் திரும்பிப் பாத்து, உண்மைதான், ஆள் இதுக்குள்ள மாட்டுப்பட்டுத்தான் இருக்கிறார் எண்டார். மற்றவர் முகத்தை அங்கால திருப்பினார். அவரின்ர தோள் ரெண்டும் குலுங்கினதை நான் கண்டன்.

கிட்ட வந்தவர் நல்ல மனுசர்தான். துவக்கு எண்டால் அதுக்கெண்டு இருக்கிற பையில போட்டு மூடித்தான் கொண்டு திரியவேணும் எண்டு சொன்னார். பைக்குள்ள துவக்கைப் போடுறதெண்டால் என்னையும் போடவேணும் எண்டு மனசுக்குள்ள நினைச்சன். சால்வையைச் சரியாப் போத்திவிட்டு, ரெண்டு பக்கமும் பொலிஸோட என்னை உள்ள கூட்டிக்கொண்டு போச்சினம். காத்திருந்த சனம் முழுக்க எழும்பி வழி விட்டுது. லண்டன் ஆஸ்பத்திரியில ஒரு நிமிசமும் காத்திருக்காமல் உள்ள போன ஆள் நானாத்தான் இருப்பன்.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை. நாங்கள் கதைக்கிறதைக் கேட்டவுடன தமிழிலயே கதைக்கத் துவங்கினா. மதுரைப் பக்கமாம். என்ர கையைத் திருப்பிப் பாத்திட்டு மூக்கைச் சுருக்கினா.

"என்ன சார், நல்லெண்ணெய் வாசனை வருது?"

வசந்தி திரும்பி என்னைப் பாத்தா. எண்ணெய்க் கதை அவவுக்கு அதுவரைக்கும் தெரியாது.

முறிஞ்ச கைக்குப் போடுற மாக்கட்டை வெட்டுறதுக்கு ஒரு சின்ன வாள் இருக்கு. டொக்டர் அதைக் கொண்டு வந்தா. அது கிர்ரெண்டு சத்தம் போட, எனக்கு வந்த பயம் கையைப் பற்றி இல்லை. ஓரமா, பொருத்துப் பாத்து வெட்டினால் கட்டையைத் திரும்ப ஒட்டலாம் எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தினன். அச்சு சோக்கா விழுந்திருக்கு, பழுதாக்கிப் போடாதேங்கோ எண்டும் கேட்டன்.

டொக்டர் வாளை நிப்பாட்டினா. "உங்களுக்குக் கை வேணுமா, கட்டை வேணுமா?"

நான் யோசிச்சன். உண்மையாத்தான் யோசிச்சன்.

"அவரைக் கேளாதேங்கோ டொக்டர்," எண்டா வசந்தி. "நீங்கள் வெட்டுங்கோ."

கனநேரம் எடுத்தது. பசை உடைஞ்சு, ஓக் தூள் பறந்து, கடைசியில கை வெளிய வந்தது. நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள ஊறின கடலை மாதிரி வெளிறிச் சுருங்கிப்போய். டொக்டர் விரல் ஒவ்வொண்டாத் தொட்டுப் பாத்தா. சின்னவிரலில அவ தொட்டது எனக்குத் தெரிஞ்சது. அதைச் சொல்ல, இவ்வளவு நேரமும் கல்லு மாதிரி நிண்ட வசந்தி கதிரையில இருந்து முகத்தைக் கையால மூடினா. சிரிக்கிறா எண்டுதான் முதல் நினைச்சன். பிறகுதான் பாத்தன், எனக்குப் போத்தின சால்வைத் தலைப்பை இழுத்துக் கண்ணைத் துடைக்கிறா. நான் இடக்கையை நீட்டினன். அவ அதைப் பிடிச்சா. பிறகு, அதிலயும் பசையோ எண்டு திருப்பிப் பாத்தா.

குழலைப் பொலிஸ்காரர் சோதிச்சுப்போட்டுத் தாறம் எண்டு எடுத்துக்கொண்டு போச்சினம். ஓக் கட்டை நாலு துண்டா மேசையில கிடந்தது. அச்சு அவ்வளவு வடிவு. ரேகை எல்லாம் தெரியுது. அதைச் சொல்ல அங்க ஒருத்தரும் இல்லை.

டொக்டர் கைக்குத் துணி சுத்திக்கொண்டே, நான் என்ன வேலை செய்யிறன் எண்டு கேட்டா. குசினி பூட்டுறன் எண்டன். குசினி எண்டால் கிச்சன் எண்டு வசந்தி விளங்கப்படுத்தினா. டொக்டரின்ர முகம் மலர்ந்து போச்சு. ஹவுன்ஸ்லோவில போன மாசம்தான் வீடு வாங்கினவையாம். கிச்சன் படு மோசமாம், முழுக்க மாத்தவேணுமாம், ஒரு நம்பிக்கையான தமிழ் ஆளைத்தான் தேடிக்கொண்டு இருக்கினமாம்.

இவ்வளவு கஸ்டத்திலயும் ஒரு நல்லது நடக்குது எண்டு நினைச்சு, இடக்கையால காற்சட்டைப் பைக்குள்ள என்ர பேர் அடிச்ச கார்ட் தேடினன்.

டொக்டர் என்ர கட்டுப்போட்ட கையை ஒருக்காப் பாத்தா. மேசையில கிடந்த துண்டுகளையும் பாத்தா. நல்ல வளர்ப்பு, மரியாதையாத்தான் கேட்டா.

"உங்க ஃபீல்டுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா, சார்?"