பத்துவகையாரும் வாடகைக் கன்றுகளும்

தஞ்சை ஜில்லாவிலேயே மரத்தை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் பத்துவகையார்தான். எங்கள் நகராட்சியில் அவர் பூங்காக் கண்காணிப்பாளர், நான் வரைபடப் பிரிவு. அவருக்கு ஒரு பெயர் நிச்சயம் இருந்திருக்கும். சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு முகமில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. போன போகம் நெல் விளைந்த இடத்தில் இந்தப் போகம் கலர் கொடி பறக்கும். மனை போடுகிறவர்கள் எல்லோரும் தெருவுக்கு இரண்டு பக்கமும் நெட்டிலிங்கம் மட்டுமே வைத்தார்கள், போலீஸ் அணிவகுப்பு மாதிரி. பத்துவகையாருக்கு அதைப் பார்த்தாலே பொறுக்காது.

"கல்யாணப் பந்தியில ஒரு கூட்டு குறைஞ்சா சண்டைக்கு வர்றான். தெருவுக்கு மட்டும் ஒரே மரம் போதுமாம்!" என்பார். "ஊரு பூரா ஒரே ரக நெல்லைப் போட்டு, புகையான் பூச்சி வந்து மொத்தமா வழிச்சுத் தின்னுட்டுப் போனத நான் பாத்திருக்கேன். மரத்துக்கும் ஒரு நாள் அப்படி வரும்."

தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நேரே கொல்லைப்புறம் போனார். "பொண்ணு லட்சணமா இருக்கு. கொல்லையிலதான் பன்னெண்டும் தென்னை. ஒரு புங்கனாவது வைங்க, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்றார். சம்பந்தம் முறிந்தது. அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் புங்கன் கன்றோடு போய், அவர்களையே குழி வெட்ட வைத்துவிட்டு வந்தார்.

கமிஷனரை விடாமல் நச்சரித்து, மனை விதிகளில் ஒரு வரி சேர்க்க வைத்தார். பத்து வகை மரம் வைத்தால்தான் அனுமதி. ஒரு வருஷம் சோதனை, சரிப்பட்டு வந்தால் நிரந்தரம். அந்த வரி இருந்த தாளின் நகலை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

எனக்கோ அப்போது ஷார்ஜா பைத்தியம். மனை போடும் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "விசா என் பொறுப்பு. இந்தப் பத்து மரத் தொல்லைய நீங்க பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபத்துக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகளை வாடகைக்கு விடும் நர்சரிகள் உண்டு. அங்கேயே இலுப்பை, புன்னை, மருதம், மகிழம் என்று பத்துக் கன்றுகளை வாடகைக்கு எடுத்தோம். பையோடு மண்ணில் புதைத்தால் நட்ட மாதிரியே இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒரு மனையில் ஆய்வு முடிந்தது. அதே கன்றுகள் டெம்போவில் ஏறி, வியாழக்கிழமை அவருடைய அடுத்த மனைக்கு வந்து நின்றன. யோசனை முழுக்க என்னுடையது.

வியாழக்கிழமை கமிஷனரோடும் என்னோடும் ஆய்வுக்கு வந்த பத்துவகையார் ஓர் இலுப்பைக் கன்றின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஐயா, இவரு செவ்வாக்கிழமை அந்த மனையில நின்னவரு. கழுத்து கோணலப் பாருங்க."

"என்ன சார், கன்னு நடந்தா வந்துச்சு?" என்றார் மனைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சந்தேகம்னா பிடுங்கிப் பாத்துரலாமே" என்றார் கமிஷனர்.

பிடுங்கினால் அடியில் பை தெரிந்துவிடும். பத்துவகையார் பதறிக் குறுக்கே வந்தார். "வேணாங்கய்யா! மூணு நாள்ல ரெண்டு தடவ பிடுங்கினா இவரு தாங்க மாட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அன்னைக்கு நீயும் பாத்தியே. நீ சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

"வேற கன்னு சார் அது" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

"முதல்ல போயி கண்ண டெஸ்ட் பண்ணிக்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கமிஷனர் கையெழுத்துப் போட்டார்.

விஷயம் மற்ற மனைக்காரர்களுக்கும் எட்டியது. அந்தப் பத்துக் கன்றுகளும் வருஷம் முழுக்க ஊரைச் சுற்றின. கடைசியில் எந்த மனையிலும் மரம் இல்லை. 'நடைமுறைக்கு ஒத்துவரவில்லை' என்று கமிஷனர் அந்த வரியை நீக்கினார். அதே வாரம் எனக்கு விசா வந்தது.

வழியனுப்ப அலுவலகத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர் பத்துவகையார் ஒருவர்தான். மூக்கில் புதுக் கண்ணாடி.

"நீ வேற கன்னுன்னு சொன்ன அன்னைக்கே டாக்டர்ட்ட போனேன் தம்பி. கண்ணாடியும் குடுத்தாரு, இது ரெண்டாவது. போட்டுக்கிட்டு நர்சரியில போயி பாத்தேன். அப்பவும் அதே இலுப்பையாத்தான் தெரியுறாரு." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "பவர் சரியில்ல போலருக்கு. மாத்தித் தரச் சொல்லணும். நீ பொய் சொல்ற பிள்ளை இல்லையே."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஷார்ஜாவிலிருந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன், எழுதவும் இல்லை. திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. பஸ் ஜன்னல் வழியாகவாவது இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.