ஞானம் புதுப்பிக்கும் அலுவலகம்

ஞானம் அடைந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, அடைந்தது இன்னும் கைவசம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். விதி அப்படி. பூட்டு ரிப்பேர்காரரும் மனைவியோடு வந்திருந்தார். போன வருடம் ஞானம் வந்த கையோடு, ஞானிகள் குடியிருப்பில் முதல் மாடி வீடு கிடைத்தது. பத்து வருடம் ஒற்றை அறையில் மூச்சுமுட்டிக் கிடந்த அந்த அம்மாளுக்கு வீட்டின் மேல் உயிர். சான்றிதழ் புதுப்பிக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

படிவத்தில் 'சென்ற ஆண்டைவிட ஞான வளர்ச்சி, சதவீதத்தில்' என்ற கட்டத்தை மனுஷன் காலியாக விட்டிருந்தார். அதிகாரி அதில் விரல் வைத்தார்.

"அதுக்கு மேல போக இடமில்லைங்க சார். அதுதான் ஞானம்னு நினைச்சேன்."

வளர்ச்சி இல்லையென்றால் தேக்கம். தேங்கியவருக்குச் சான்றிதழ் கிடையாது என்றார் அதிகாரி. இவர் பதறிப்போய்ப் பத்து சதவீதம் என்று எழுதினார். அப்படியானால் போன வருடம் அரைகுறை ஞானத்தோடு அரசு வீட்டில் குடியேறியது மோசடி என்றார் அதிகாரி. ஞானம் என்பது முடிந்த முடிவா, முடியாத வளர்ச்சியா என்று மேலிடத்துக்குக் கோப்பு போய்ப் பதினோரு வருடம் ஆகிறதாம். பதில் வரும்வரை இரண்டுமே குற்றமாம். இதையெல்லாம் தேன் ஒழுகச் சொன்னார், பாவி.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, மேஜையை ஓங்கி அறைந்து, அதிகாரியின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டித் தீர்த்தார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே காட்டக் கூடாதா? கோபம் பாக்கி இருக்கு. அப்போ வளர இடமிருக்கு. போன வருஷத்து ஞானம் அன்னைய நிலவரம், அதுவும் செல்லும்."

முத்திரை விழுந்தது.

சும்மா இருக்குமா ஊர்? கோபம்தான் தகுதி என்றால் எங்களுக்கு என்ன குறைச்சல் என்று அலுவலகத்தில் வந்து குவிந்தது. மாமியார் மருமகள், கடைக்காரர் வாடிக்கையாளர் என்று ஜோடி ஜோடியாக வந்து, நின்ற இடத்திலேயே கத்திச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். நீங்களும் நானும்கூட வாங்கினோம், இப்போது மறைத்து என்ன பயன்?

ஊரே ஞானியான பிறகு ஞானிக்கு எதற்குச் சலுகை? குடியிருப்பு இனி ஞானம் வாய்க்காத எளியவர்களுக்கே என்று ஆணை வந்தது. சல்லடை போட்டுத் தேடியும் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். எத்தனை ஆயிரம் பேர் வந்து திட்டினாலும் கோபமே வராமல் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் அந்த அதிகாரிதான். பூட்டுக்காரரின் மனைவி சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.