ஒரு 'முடியாது' பார்த்த வேலை

அன்பில் ஒரு குறையும் இல்லாத, ஆலோசனையில் மட்டும் அளவு தெரியாத என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் உன் மருமகளும் உடலளவில் நலம். மனதளவில் யார் எப்படி என்பதை இக்கடிதத்தைப் படித்து நீயே முடிவு செய்துகொள். நீயும், நீ எங்கு போனாலும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் அந்த ஒரே ஒரு பையும் நலம் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "அக்கா, முதல்ல மூச்சை இழுத்து மெதுவா விடு" என்பாய். நானும் இழுப்பேன். இழுத்து விட்டதும் சொல்ல வந்தது மறந்துபோகும். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

சென்ற மாதம் பல் மருத்துவமனையில், என் முன்பதிவு மேசையில், ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பேனாவுமாக நான் மயங்கி விழுந்த செய்தி கேட்டு ஓடி வந்தாய். நான்கு நாள் தங்கினாய். அதை நான் மறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, உனக்கு வியாதின்னு ஒண்ணும் இல்ல. வாழ்க்கை நெரிசலாயிடுச்சு, அவ்வளவுதான். வேண்டாத பொருளைக் கொடுத்துடு. வேண்டாத வேலைக்கு முடியாதுன்னு சொல்லு. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் செய். மனசு தானா நிறையும்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டில் இறங்கிப் போய்விட்டாய். நீ போய்விட்டாய் தம்பி. நான் இங்கேயே அல்லவா இருக்கிறேன்!

உன் பேச்சை அன்று மாலையே செயலில் காட்டத் தொடங்கினேன். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று எழுத ஒரு நோட்டு, தரம் பிரிக்க மூன்று பெரிய டப்பா, அவற்றின் மேல் ஒட்டக் காகிதம், அதில் எழுத மூன்று நிறத்தில் பேனா, எல்லாம் வாங்கி வந்தேன். உன் அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாக நேர அட்டவணை போடுகிறவர். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம். அவர் அந்தக் குவியலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குறைக்கறதுக்கா வாங்கினே?" என்று மட்டும் கேட்டார். குறைக்க ஆரம்பித்த முதல் நாளே எண்ணிக்கை கூடிவிட்டது.

ஆனாலும் விடவில்லை. வீட்டில் நாலு குடை இருந்தது, இருப்பது மூணு பேர். ஒரு குடையைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண் கலங்கிப்போய், "நீங்க இவ்வளவு அன்பா கொடுக்கறப்ப நான் வெறுங்கையோட விடுவேனா?" என்று ஒரு மூட்டை திரைச்சீலைத் துணியைத் தூக்கி என் தலையில் வைத்தார். நம் வீட்டில் இருப்பது ஐந்து ஜன்னல், அந்தத் துணியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே திரை போடலாம். சரி, தையல்காரம்மா அப்படி என்று, பழைய சுவர்க்கடிகாரத்தை மேல்மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற வங்கிக்காரரிடம் கொடுத்தேன். அவர் மறுநாளே ஆள் வைத்து ஓர் உடற்பயிற்சி சைக்கிளை இறக்கிவிட்டார். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். எனக்கு முட்டி வலி, நான் மிதிக்கறதில்ல" என்கிறார். பெட்டி ஒன்றை ஆஸ்பத்திரி துப்புரவு அம்மாவுக்குக் கொடுத்தேன். அந்த அம்மா கொடுத்தது ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு மீன். உயிருள்ள மீன்டா! அதுக்கு ரெண்டு வேளை தீனி போடணும், வாரத்துக்கு ஒருமுறை தண்ணி மாத்தணும், ரொம்பப் போட்டாலும் செத்துடுமாம், கம்மியா போட்டாலும் செத்துடுமாம். நான் இதுவரைக்கும் மனுஷங்களைப் பத்தி மட்டும்தான் கவலைப்பட்டுட்டு இருந்தேன். வேலைக்கு நடுவுல உன் மருமகளுக்கு போன் போட்டு, "மீன் அசையுதா பாரு"ன்னு கேட்க ஆரம்பிச்சேன். அவ, "அம்மா, நான் நேர்முகத் தேர்வுல உட்கார்ந்திருக்கேன்"ங்கறா.

ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றாயே, அதையும் சொல்கிறேன். திங்கட்கிழமை மேசையில் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் பெயரை நோட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. எழுதுவதுதானே இப்போதைய வேலை? மறுபடியும் அடித்தது. கன்னம் வீங்கின ஒருத்தர் மேசைக்கு முன்னாடி வந்து நின்று "ம்ம்... ம்ம்"கிறார். நான் அவரைக் கையமர்த்தினேன். பல் டாக்டர் கையில் கருவியோடு வெளியே ஓடி வந்தார்.

"என்னம்மா, போன் அடிச்சிட்டே இருக்கே?"

"எழுதிட்டிருக்கேன் டாக்டர். முடிச்சதும் எடுக்கறேன்."

"அதுவரைக்கும் அவங்க பல்லு வலிக்காம காத்திருக்குமா?"

உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒரு அம்மா. வெளியே பதினொரு பேர். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அன்னிக்கு நான் திரும்ப மயங்காம இருந்ததே பெரிய விஷயம்.

இதெல்லாம் சில்லறை விஷயம் தம்பி. சிரிச்சுட்டுப் போயிடலாம். இனிமே சொல்லப்போறதுதான் பெருசு.

முடியாதுன்னு சொல்ல எனக்கு எப்பவும் வாய் வராதுன்னு உனக்குத் தெரியும். அதனால தினமும் காலையில குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். முதல்ல மெதுவா, அப்புறம் கொஞ்சம் உறுதியா, அப்புறம் புருவத்தைத் தூக்கிக்கிட்டு. முடியாது. முடியாதுங்க. என்னால முடியாது. வெளியே உன் அத்தான் கதவைத் தட்டி, "தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சா?"ன்னு கேட்கற அளவுக்கு. அந்த வியாழக்கிழமை பழகி முடிச்சு ஈரக் கையோட வெளியே வரேன், போன் அடிக்குது. என் நாத்தனார். உன் அத்தானோட ஒரே தங்கச்சி. உனக்கு ஞாபகம் இருக்கும், அச்சகத்துல பிழை திருத்தற வேலை, கல்யாணம் பண்ணிக்கல, ஒரே ஒரு அறையில தனியா இருக்கா. அதிகம் பேச மாட்டா. வருஷத்துக்கு நாலு போன் வந்தா அதிகம்.

"அண்ணி, எனக்குக் கண்ணுல விழித்திரை கிழிஞ்சிருக்காம். வர்ற திங்கட்கிழமை ஆபரேஷன். நீங்க..."ன்னு ஆரம்பிச்சா.

"என்னால முடியாதும்மா."

நான் சொல்லலடா. சத்தியமா நான் சொல்லல. பதினைஞ்சு நிமிஷம் கண்ணாடி முன்னாடி பழகின வாய் அதுவா சொல்லிடுச்சு. அதுவும் புருவத்தைத் தூக்கிக்கிட்டு, அந்த உறுதியான குரல்ல. அவ, "சரி அண்ணி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. நான் உடனே திருப்பி அடிச்சேன். அணைச்சு வெச்சிருக்கா. ஒரு மணி நேரம் கழிச்சு அடிச்சேன். அணைச்சுதான் இருக்கு. அப்புறம் கூப்பிட எனக்குத் தைரியம் வரல.

ரெண்டு நாள் உன் அத்தான்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்றது? சோறு இறங்கல. ஆஸ்பத்திரியில ஒருத்தரோட கடைவாய்ப் பல்லை இன்னொருத்தர் பேர்ல எழுதிட்டேன், நல்ல வேளை டாக்டர் பிடுங்கறதுக்கு முன்னாடி பார்த்துட்டார். ஞாயித்துக்கிழமை காலையில அவர் கூடத்துல பென்சிலை வெச்சுக்கிட்டு, டிப்போ அட்டவணையில கோடு போட்டுட்டு இருந்தார். பக்கத்துல போய் உட்கார்ந்து சொல்லிட்டேன். அவர் பென்சிலைக் கீழே வெச்சார். கோபப்படல. கோபப்பட்டிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேன். "நம்மளை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"ன்னு மட்டும் சொல்லிட்டு, அந்தப் பென்சிலையே பார்த்துட்டு இருந்தார்.

அவ வழக்கமா கண் காட்டற ஆஸ்பத்திரி அவருக்குத் தெரியும், திங்கட்கிழமை விடிஞ்சதும் ரெண்டு பேரும் கிளம்பினோம். ஊர்ல எந்த பஸ் எந்த நிமிஷத்துல எங்க நிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மனுஷன், அன்னிக்குத் தப்பான பஸ்ல ஏறினார். நாலு நிறுத்தம் தாண்டினப்புறம்தான் தெரிஞ்சுது. இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினோம். அவர் ஓடி நான் பார்த்ததே இல்ல. அந்த அவசரத்துல என் போனை வீட்டுலயே விட்டுட்டு வந்தது கூடத் தெரியல.

கண் ஆஸ்பத்திரி மூணாவது மாடி நடையில, ஜன்னல் ஓர பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. ஆஸ்பத்திரி பச்சை அங்கி. பக்கத்துல ஒரு சின்னத் துணிப்பை. முகத்துல ஒரு பதட்டமும் இல்ல. நடு நடையில நின்னு விசும்பி விசும்பி அழறேன், போறவங்க வர்றவங்க எல்லாம் எனக்குத்தான் ஆபரேஷன்னு நினைச்சுப் பார்க்கறாங்க.

"என்னாச்சு அண்ணி?"

"மன்னிச்சிடும்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"ன்னு கேட்டா. அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தா. பையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டு, நகர்ந்து இடம் விட்டா. "உட்காருங்க. அழாதீங்க. அதான் வந்துட்டீங்களே."

உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. மூணு மணி நேரம். கையில போன் இல்ல, நோட்டு இல்ல, யாரும் என்னைக் கூப்பிடல. செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. என்ன ஆச்சுன்னு கேளு. தூங்கிட்டேன்! உன் அத்தான் தோள்ல சாய்ஞ்சு, வாயைத் திறந்துட்டு, மூணு மணி நேரம். மாசக்கணக்குல நான் அப்படித் தூங்கினதில்ல. நர்ஸ் வந்து எழுப்பி, "நல்லபடியா முடிஞ்சுது"ன்னாங்க. அவர் தோள்பட்டையை அசைக்காமலே அப்படியே உட்கார்ந்திருக்கார். சந்தோஷப்படறதா, அவ உள்ளே கிடக்கறப்ப நான் தூங்கினேனேன்னு வெட்கப்படறதான்னு தெரியல. ரெண்டையும் பண்ணினேன்.

அவளை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். "நம்ம வீட்டுக்குப் போலாமா?"ன்னு கேட்டேன், "சரி அண்ணி"ன்னா. அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பத்து நாள் குப்புறத்தான் படுக்கணுமாம். முகம் எப்பவும் தரையைப் பார்த்தே இருக்கணும், சாப்பிடறப்பகூட குனிஞ்சேதான். கட்டில் ஓரத்துல நெத்தியைத் தாங்கற மாதிரி திரைச்சீலைத் துணியைச் சுருட்டி வெச்சோம். அவகிட்ட பேசணும்னா நாம தரையில உட்கார்ந்து அண்ணாந்துதான் பேசணும். மீன்தொட்டியைத் தூக்கி அவ முகத்துக்கு நேரா கீழே வெச்சேன், நல்லா இருக்கற கண்ணால பார்த்துட்டு இருக்கட்டும்னு. வேலை விட்டு வந்து தரையில உட்கார்ந்தா எனக்கும் எழுந்திருக்கத் தோணாது. அவ மேலே, மீன் நடுவுல, நான் கீழே. அச்சகத்துல ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையில 'மணமகள்'னு வர்ற இடத்துல 'மணல்கள்'னு அச்சடிச்ச கதையெல்லாம் அப்பதான் சொன்னா. இருபத்தஞ்சு வருஷமா எனக்கு நாத்தனார், அவளுக்கு இவ்வளவு சிரிப்பு வரும்னு எனக்குத் தெரியாது. உன் அத்தான்கூட வந்து தரையில உட்கார்ந்துக்கறார். ஒரு நாள் முப்பது வார்த்தை பேசினார். நான் எண்ணினேன்.

ஆகவே தம்பி, மரியாதையாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். எளிமை உனக்குச் சரி. உன்னிடம் இருப்பது ஒரு பை. எனக்கு அது ஆகாது. உன் பேச்சைக் கேட்டு, ஆதரவுக்கு ஏங்கிப் போன் செய்த ஒரு ஜீவனை நான் விரட்டப் பார்த்தேன். கடவுள் புண்ணியத்தில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் மட்டும் அன்று போகாமல் இருந்திருந்தால் அவள் கதி என்ன என்று நினைத்தாலே இப்போதும் பேனா வரியை விட்டு ஓடுகிறது. இந்த வரியின் கோணல் அதனால்தான். இனி யாருக்கும் இந்த உபதேசத்தைச் செய்யாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. நீ எங்கிருந்தாலும் தலைவலி, கால்வலி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நெடுநாள் வாழ வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொள்கிறேன். உன் அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் (இரண்டு வார்த்தை).

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி இதை நாத்தனாருக்குப் படிச்சுக் காட்டினேன். இன்னிக்குத்தான் தலையை நிமிர்த்தலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். முழுசும் கேட்டா. பிழை ரெண்டு சொன்னா, திருத்திட்டேன். அப்புறம் கடிதத்தை மடிச்சுக் கொடுத்துட்டு, "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு நான் போன் பண்ணினது, நீங்க யாரும் மெனக்கெட்டு வர வேண்டாம்னு சொல்றதுக்குத்தான். எல்லாம் முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டேன், பத்து நாள் பார்த்துக்க நர்ஸ் உட்பட. எப்படிச் சொல்றதுன்னு தயங்கிட்டே இருந்தேன். நீங்களே முடியாதுன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. நிம்மதியா போனை அணைச்சுட்டுத் தூங்கினேன்"ங்கறா.

"அப்புறம் ஏன்டி என்கூட வந்தே?"ன்னேன்.

"நீங்க அந்த மாதிரி அழுதுட்டு நின்னீங்க. உங்களைத் தனியா விட மனசு வரல."

ஆக மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுட்டதா வெச்சுக்கோ. வெள்ளிக்கிழமை அவ தன் அறைக்குக் கிளம்பறாளாம். நானும் கூடப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு இருக்கேன். கேட்டேன், "சரி அண்ணி"ன்னு சொல்லிட்டா. அங்க ஒரே ஒரு நாற்காலிதானாம். பரவாயில்ல, இங்கேருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்.