நான்கு பொத்தான், ஒரே சீட்டி

அன்பும் கொஞ்சம் மனத்தாங்கலும் கலந்து மைத்துனருக்கு உங்கள் அத்தான் எழுதுவது.

இங்கு வீடும் நானும் இருக்கிறோம். அங்கு நீங்களும் குழந்தைகளும், என்னிடம் கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் அக்காவும் நலமென்று நம்புகிறேன். அவளைத் திருப்பி அனுப்பும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் குற்றவாளி யாரென்று முதலில் தெளிவாக வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் பரிசளித்த சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவிதான் அது.

அதில் ஒலி அலை வகைக்கு ஒன்றாக நான்கு பொத்தான்கள். சைன் அலை வெறும் சீட்டி, சதுர அலை காலிக் குழாயில் ஊதியது போல, ரம்பப்பல் அலை கலைத்துவிட்ட தேனீக்கூட்டம், முக்கோண அலை சைனுக்கும் சதுரத்துக்கும் நடுவே சமரசம் பேசும் பெரிய மனிதர். இடக்கோடிக் கட்டைகளில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வலப்பக்கம் போகப் போக நான்கும் ஒன்றாகி, கடைசியில் எதை அழுத்தினாலும் ஒரே சீட்டி. கருவி கெட்டுவிட்டது என்றேன். உங்கள் அக்கா சமையலறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்து, "கெடலீங்க, இப்ப நீங்க அமுக்கினது ரம்பம். பல்லு கூசுது, எடுங்க கைய" என்றாள். சைனை அழுத்தினேன். "இது பரவால்ல" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்று. தம்பி கொடுத்த பொருளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டேன். அதற்கு ஏதோ பதில் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், அது தனிப் புகார். தெளிவாகப் பேசு என்றேன். "ஒரு வருஷமா எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்றேன். இனிமே தெம்பில்ல" என்றாள். இது மட்டும் நன்றாகக் கேட்டது. மறுநாள் பெட்டியோடு உங்களிடம் வந்துவிட்டாள்.

நான் கருவியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அலையைத் திரையில் காட்டும் பெட்டியோடு இணைத்து வலக்கோடிக் கட்டையை அழுத்த, வளைவு, முக்கோணம், கோட்டை மதில், ரம்பம் என நான்கும் அச்சடித்தாற்போல் வந்தன. "மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல சார். ரம்பப்பல்லுன்னா அடி ஓசைக்கு மேல மெல்லிசான ஓசைங்க அடுக்கடுக்கா உக்காந்திருக்கும். சைன்ல அது கிடையாது. மேலடுக்கு கேக்கலன்னா எல்லாமே சைன்தான். காதை ஒருதரம் காட்டிடுங்க" என்றார். அழகாகப் படம் வரைந்து மோசமாகப் பாடும் கருவிக்கு அவரும் வக்காலத்து வாங்கியது வருத்தமே. ரம்பம் ஒலித்தபோது கடையிலிருந்த இருவர் முகம் சுளித்ததை, முதலாளிக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே கருவியை மாற்றித் தரவும். அக்காவை அனுப்பி வைக்கவும். வீடு மிக அமைதியாக இருக்கிறது. அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் காது டாக்டரிடம் போய்வந்தேன். கருவி சரி, கடைக்காரர் சரி, உங்கள் அக்கா வாய்க்குள் பேசவுமில்லை. பழுது என் காதில்தான். மேலே எழுதிய புகாரெல்லாம் ரத்து. நேற்று அவள் போன் செய்து வெகுநேரம் பேசினாள். குரல் முழுக்கக் கேட்டது, சொல் பிடிபடவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்வதற்குப் பயமாக இருந்தது. கடைசியில் எதையோ கேட்டு நிறுத்தினாள். சரி என்றேன். வைத்துவிட்டாள். என்ன கேட்டாள் என்று விசாரித்து எழுதுங்கள். தம்பி வீட்டிலேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தால், அது அத்தான் காதில் விழவில்லை என்று சொல்லுங்கள்.