ஐஸ் ரிங்க்கின் நிலவரக்காரர்

பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் நாள்கணக்கில் தாக்குப்பிடிப்பது ஒட்டகம். முடிவெடுக்காமல் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் உயிரினம் ஒன்றும் அதே பாலைவனத்தில் உண்டு. விலங்கியல்காரர்கள் இன்னும் கவனிக்கவில்லை. ஆகையால் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம். நிலவரக்காரர்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தங்கம் இறங்கட்டும் என்று காத்திருந்து, அது ஏறியபின் "அப்பவே நினைச்சேன்" என்பவர். விடுமுறைக்கு ஊர் போகும் டிக்கெட்டை மார்ச்சில் பார்த்து, ஏப்ரலில் பார்த்து, மே மாதம் முழுக்கப் பார்த்து, கடைசியில் பெண்டாட்டி பிள்ளையை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆகஸ்டு வெக்கையில் குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் தோய்த்தபடி "இந்த வருஷம் நிலவரம் சரியில்ல" என்று ஏசியிடம் சொல்லிக்கொண்டிருப்பவர். விசா விதி மாறப்போகிறது என்றால் மாறும்வரை காத்திருப்பார். மாறிவிட்டால்? மறுபடி மாறுமே, அதுவரை காத்திருப்பார்.

இந்த இனத்தில் மனைக்கிளை உண்டு, மாப்பிள்ளைக்கிளை உண்டு. எல்லாவற்றிலும் அபூர்வமான கிளை ஒன்றைக் காண நீங்கள் துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் ஐஸ் ரிங்க்குக்கு வரவேண்டும். வெளியே தார் உருகும். உள்ளே குல்லாவும் கம்பளிச் சட்டையுமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பையன்கள் மட்டையோடு மோதுவதைப் பார்க்காமல், கைப்பேசியில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறாரே, விருதுநகர்க்காரர், ஒரு கட்டுமானக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் விஜயபாஸ்கர். அவர்தான்.

அவர் மகன் விஷாலுக்குப் பதினெட்டு. ஐஸ் ஹாக்கியில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஆடவேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குப் பள்ளி முடித்ததும் நேரே கல்லூரிக்குப் போய்விட முடியாது. கனடாவிலோ அமெரிக்காவிலோ ஜூனியர் அணியொன்றில் ஒன்றிரண்டு வருடம் ஆடவேண்டும், அங்கேதான் கல்லூரிக் கோச்சுகள் வந்து ஆள் பொறுக்குவார்கள். போன கோடையில் கனடாவின் ஸ்கார்பரோவில் சித்தி வீட்டில் தங்கி ஒரு பயிற்சி முகாமுக்குப் போனான் விஷால். அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், ஒன்டாரியோவின் வடகோடியில், பெயரைச் சொன்னாலே பல் கூசும் ஓர் ஊரின் ஜூனியர் கோச், இந்த ஜூன் மாதம் கூப்பிட்டுவிட்டார்.

விளையாட்டு அவ்வளவுதான். இனி விதி. அதைச் சொல்ல விஜயபாஸ்கரை விட்டால் யார்? பனியை வழவழப்பாக்கும் வண்டி ரிங்க்கைச் சுற்ற ஆரம்பித்ததும் அவரும் பெஞ்சைச் சுற்ற ஆரம்பிப்பார். கனடாவில் சில பெரிய ஜூனியர் லீக்குகள் பையன்களுக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுக்கும். முன்பெல்லாம் அங்கே ஒரே ஒரு மேட்ச் ஆடினாலும் அமெரிக்கக் கல்லூரிக் கதவு சாத்திக்கொள்ளும். இந்த விதியை அவர் வேதம்போல் ஓதினார். அதே பெஞ்சில் உட்காரும் சாதிக் பாட்ஷாவின் மகன் சாகிருக்கு அப்படியொரு லீக்கிலிருந்து அழைப்பு வந்தபோது "வேண்டவே வேண்டாம் பாய், பொறுங்க" என்று தடுத்தார். தடுத்த சில மாதங்களில் விதி போய்விட்டது. கதவு திறந்தது. இருபது வயதுக்காரர்கள் எல்லாரும் அந்தக் கதவு வழியே புகுந்தார்கள். சாகிர் மட்டும் துபாய் தேராவில் வாப்பாவின் அத்தர் கடையில் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

கீழக்கரைக்காரரான சாதிக் பாட்ஷாவுக்கு இதில் கோபமில்லை. பாடம் மட்டும் உண்டு. அடுத்த கோடையில் மகனைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டார். இப்போது சின்னவள் மின்ஹாவுக்காக ரிங்க்குக்கு வருகிறார்.

"என்ன விஜய் சார், மவனுக்குக் கூப்பாடு வந்திருக்காமே. என்ன சொன்னிய?"

"பாத்துட்டிருக்கேன் பாய். இப்ப புதுசா ஒரு பேச்சு அடிபடுது. பள்ளிக்கூடம் முடிச்ச நாள்ல இருந்தே காலேஜ் ஆட்ட வருஷம் ஓட ஆரம்பிச்சிருமாம். ஜூனியர்ல ரெண்டு வருஷம் ஆடினா, அந்த ரெண்டும் கழிஞ்சிரும். உறுதியாகட்டும். பொறுக்கிறதுதான் நல்லது."

"பொறுக்கணும்ங்கிறிய?"

"கண்டிப்பா."

சாதிக் பாட்ஷா எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "அப்ப உடனே அனுப்பிருங்க சார். எங்க வீட்ல ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது. நீங்க பொறுங்கன்னா நான் டிக்கெட் போட்டுருவேன். நீங்க போகலாம்னு சொல்லிட்டா மட்டும்தான் எனக்குப் பயம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். விஜயபாஸ்கரும் சிரித்தார். விவரம் தெரியாதவர்கள் மத்தியில் விவரம் தெரிந்தவன் படும் பாட்டை எண்ணி அவர் சிரித்த சிரிப்பு அது.

செவ்வாய்க்கிழமை மாலை கோச் வீடியோவில் வந்தார். தொப்பி, தாடி, பின்னால் சுவரில் தொங்கும் சட்டைகள். "விஷால், வருகிறாயா?" என்றார். விஷால் வாயைத் திறந்தான்.

"ஒன் மினிட் சார்," என்றார் விஜயபாஸ்கர்.

அந்த ஒரு நிமிடம் முக்கால் மணி நேரம் நீண்டது. ஆட்ட வருடம் எப்போது ஓட ஆரம்பிக்கும்? ஓடினால் நிற்குமா? பையன் தங்கப்போகும் வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு போடுவார்களே, அது சலுகைக் கணக்கில் வருமா? பஸ்ஸில் கொடுக்கும் சாண்ட்விச்? பிறந்தநாளுக்கு அந்த வீட்டு அம்மா ஒரு கேக் செய்து கொடுத்தால், அது சம்பளம் என்று யாராவது புகார் எழுதிப்போட்டால்? விஷால் கேமராவுக்குத் தெரியாமல் அப்பாவின் சட்டையை இழுத்தான். கொள்முதல் துறையில் இருபது வருடம் இருந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தா நிறுத்த முடியும்?

கோச் கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உண்மையைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. கல்லூரிக் கோச்சுகளுக்கும் தெரியாது. போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆகஸ்டு கடைசியில் எங்கள் பஸ் கிளம்பும். அதில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு ஓரிடம் காலி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். கேக் சாப்பிடலாம்."

யாருக்கும் தெரியாது என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தெரிந்த அளவை வைத்துக் கிளம்புவோம், அல்லது கிளம்பமாட்டோம். நிலவரக்காரரின் காதில் அது வேறுமாதிரி விழும். யாருக்குமே தெரியவில்லை, ஆக, விசாரிக்க இன்னும் நிறைய இருக்கிறது!

"வீ வில் ரிவர்ட், சார்," என்றார். வளைகுடா அலுவலகங்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லக் கேட்டவர்கள், அதன்பிறகு அந்த விஷயம் பற்றி எதையும் கேட்டதில்லை.

புதன்கிழமை மஸ்கட்டுக்குப் போன் போட்டார். ரூவியில் மொபைல் கடை வைத்திருக்கும் தூத்துக்குடி அருள்ராஜ், பழைய ரூம்மேட். ஐஸ் என்ற பொருளை ஜூஸ் கடையைத் தாண்டி அறியாதவர். ஆனால் எந்த முடிவுக்கு முன்பும் விஜயபாஸ்கர் அவரைக் கேட்பார்.

"ஏல விஜயா, ஐஸு மேல நின்னு வெளாடுறதுக்கு கனடா வரைக்குமா?"

"அத விடு. ரூலு மாறப்போகுதுங்கிறாங்க. போகலாமா, பொறுக்கலாமா?"

"ரூலு எந்தக் காலத்துல மாறாம இருந்திச்சு? நான் ஓமானுக்கு வந்ததுல இருந்து மாறிக்கிட்டுத்தான் கெடக்கு. நானும் கடையக் கட்டிட்டு ஊருக்குப் போவணும்னு பதினோரு வருசமா நெனைச்சிட்டிருக்கேன். ரூலு ஒண்ணு வருது, சரி பாப்போம்னு இருந்திருதேன்."

இதில் விஜயபாஸ்கருக்குக் கேட்டது 'சரி பாப்போம்' மட்டும்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மனைவி பானுமதி பிடித்துக்கொண்டாள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பெற்றோர்களைக் கையாண்ட அனுபவம் உண்டு.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க."

"தெரியும்."

"நீங்க இந்த ஊருக்கு வந்தப்ப என்ன நிலவரம் பாத்துட்டு வந்தீங்க?"

"எங்க பாத்தேன்? ஏஜெண்டு போன் போட்டான். மறுநாளே பிளேன் ஏறிட்டேன்."

"அப்புறம்?"

அப்புறம் நடந்தது அவளுக்கும் தெரியும். சூப்பர்வைசர் வேலை என்று ஏற்றிவிட்டார்கள். வந்து இறங்கியபோது அந்தக் கம்பெனியே இல்லை. வேறொரு கஃபீல், அதாவது விசா முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ராஸ் அல் கைமா குவாரியில், கேம்ப்பில், இருமினால் வெள்ளையாகத் தூசி வரும் தொண்டையோடு இரண்டு கோடை. அதற்குப்பின் அந்த மனிதர் ஒரு பேருந்தில்கூட, "இது நிச்சயமா அங்கதான் போகுதா?" என்று இரண்டு பேரிடம் கேட்காமல் ஏறியதில்லை.

"அதனாலதான் பாக்குறேன்," என்றார் விஜயபாஸ்கர், தட்டைப் பார்த்தபடி.

பானுமதி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "அன்னிக்கு நீங்க பாத்திருந்தா வந்தே இருக்கமாட்டீங்க. இவனும் இங்க பொறந்து ஐஸ் மேல நிக்கமாட்டான். நானும் தப்பிச்சிருப்பேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஆனது. விஷால் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். விஜயபாஸ்கருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பதட்டப்படாத. கனடாவுல இன்னும் காலைலதான்!" விசா முடிந்தவனுக்குச் சலுகைக் காலம் கிடைத்தாற்போல, ஓசியில் வந்த அந்த எட்டு மணி நேரத்தை அவர் ஒரு சொட்டு விடாமல் விசாரணையில் செலவழித்தார். முகநூல் குழு ஒன்றில் கேள்வி போட்டார். மினசோட்டாவிலிருந்து ஒரு தகப்பனார் பதில் போட்டார்: "நானும் இதையேதான் கேட்க இருந்தேன்."

சனிக்கிழமை காலை ரிங்க்கில் இருக்கும்போது கோச்சின் மெயில் வந்தது. பெரிய லீக் ஒன்றில் கழற்றிவிடப்பட்ட இருபது வயதுப் பையன் ஒருவன் இடம் இருக்கிறதா என்று கேட்டான். வருகிறாயா என்றதும் உடனே சரி என்றான். இடம் அவனுக்குப் போய்விட்டது. விஷாலுக்கு வாழ்த்துகள்.

நிலவரக்காரரின் முகத்தில் அப்போது என்ன தெரிந்தது? துக்கமா? ஐயா, நிம்மதி. பரம நிம்மதி. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா பாய்? நான் சொன்னேன்ல, நிலவரம் சரியில்லன்னு. இருபது வயசுக்காரனை எல்லாம் உள்ள விட்டா நம்ம பையனுக்கு எங்க எடம் இருக்கும்? நல்லவேளை, அவசரப்படல."

சாதிக் பாட்ஷா கண்ணாடிச் சுவர்ப்பக்கம் பார்த்தார். விஷால் அங்கே, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அப்பா, அந்த இடம் எனக்குத்தான் இருந்திச்சு."

"இல்லடா, ரூலு..."

"ரூல் இல்லப்பா. நாம சொல்லல." அவ்வளவுதான் சொன்னான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பனிக்குள் போய்விட்டான். அன்று முழுக்க அவன் யார் மீதும் மோதவில்லை. அதை ரிங்க்கின் கோச் கவனித்தார், சாதிக் பாட்ஷா கவனித்தார், மின்ஹாகூடக் கவனித்தாள். விஜயபாஸ்கர் விதிகளின் புதிய பக்கமொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அதைப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே விஷால் சொன்னான்: "மானிடோபா போறேன்ப்பா."

ஒன்டாரியோ கோச்சுக்கு அவனே எழுதியிருக்கிறான். நன்றி, தடுப்பாட்டக்காரன் தேவைப்படும் வேறு அணி எதுவும் தெரியுமா? அவர் ஒரு நம்பர் தந்திருக்கிறார். இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி, ஒரு படி கீழான லீக். கல்லூரிக் கோச்சுகள் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

"அங்க எப்ப சரின்னு சொன்ன?"

"அவர் கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே."

"என்கிட்ட கேக்கலையே?"

"கேட்டா நீங்க பொறுன்னு சொல்வீங்க. யூ ஆல்வேஸ் டூ." கோபமாகச் சொல்லவில்லை. பிறந்த தேதியைச் சொல்வதுபோல் சொன்னான். பானுமதி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை என்பது கரண்டி போன வேகத்தில் தெரிந்தது.

ஆகஸ்டில் விமான நிலையம். ஆளுயர மட்டைப்பையோடு விஷால் குனிந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். "போய் இறங்கினதும் அங்க நிலவரம் சொல்றேன்ப்பா," என்றான். விஜயபாஸ்கர் பையனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மட்டைப்பை கூட்டத்துக்கு மேலே கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி இன்னொரு மனிதர், கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணா, பையனா?" என்றார் விஜயபாஸ்கர்.

"பொண்ணு சார். ஜார்ஜியா. டாக்டர் படிப்பு."

"அங்க ரூலு ஏதோ மாறப்போகுதுன்னு கேள்விப்பட்டேனே." அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"அதத்தான் சார் நானும் சொன்னேன்," என்றார் அந்த மனிதர். இரண்டு பேரும் அந்தக் கம்பியை விட்டு வெகுநேரம் நகரவில்லை.

சிரியுங்கள், சிரிப்பதற்குத்தானே எழுதியது. ஆனால் கைப்பேசியை வைக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். படித்துவிட்டுப் பதில் போடாத செய்தி ஒன்று உள்ளே கிடக்கிறதல்லவா, வீட்டிலேயே ஒருவர் "என்ன சொல்றீங்க?" என்று கேட்டு அனுப்பியது? 'பாத்துச் சொல்றேன்' என்று தட்டச்சு செய்யத்தானே விரல் போகிறது? எதற்கும், கேட்டவர் அறைக்கதவைத் தள்ளிப் பாருங்கள். பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.