இரண்டு அண்டங்களில் ஒரே செத்த நட்சத்திரம்

தேஜோன்,
புதன்கிழமை, காலை பத்தே முக்கால்.

என் அக்கா பெற்ற அறிவுச்சுடரும், பாங்யோவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் உட்கார்ந்து அண்டங்களைப் படைப்பவளுமாகிய சோதாமுக்கு, தேஜோன் மாநகரின் மிகப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையின் நிறுவனரும் அதிபரும் தரை துடைப்பவருமான உன் தாய்மாமன் குவாக் மான்சு எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று மதியத்திலிருந்து என் இதயம் தன் இடத்தில் இல்லை. கல்லீரல் பக்கம் எங்கோ வாடகைக்கு இருக்கிறது. மற்றபடி உன் அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கிம்ச்சி போட அறுபது முட்டைகோஸ் வாங்கிக் குவித்திருக்கிறாள், அதில் பன்னிரண்டு உன் பங்கு. நீ சாப்பிட்டாயா? இல்லையென்றால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் சாப்பிடு. வெறும் வயிற்றில் படித்தால் மயக்கம் வரும். எழுதுகிற எனக்கே இரண்டு முறை வந்தது. கைபேசியில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. நானூறு முறை அழைத்தேன். (ஒன்பது என்று உன் அத்தை சொல்கிறாள். அவளுக்கு எப்போதும் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.) அதனால்தான் இந்த விரைவுத் தபால்.

முதல் அதிர்ச்சி உன் அம்மாவின் குரலில் வந்தது. திங்கட்கிழமை நான் கல்லாவில் உட்கார்ந்து நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது போன். "டேய் மான்சு, சோதாம் அழுதுக்கிட்டே பேசினாடா. அவ மூணு வருஷமா செஞ்ச விண்வெளிச் சண்டை விளையாட்டு இருக்கே, அது வேற யாரோ செஞ்சதைப் பார்த்து அடிச்ச காப்பியாம். இணையத்துல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கிழிக்கிறாங்களாம். 'பார்த்துத்தான் வரைஞ்சேன், மன்னிச்சிடுங்க'ன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டு வேலையை விட்டுப் போயிடணும்னு அவங்க குழுத் தலைவர் சொல்லிட்டாராம்."

"அவ என்னக்கா சொல்றா?"

"அந்த வரைபடம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலம்மா, கை தானா வரைஞ்சுதுங்கறா. திருடன் பேசற பேச்சு மாதிரியே இருக்குடா. பெத்த எனக்கே சந்தேகமா இருக்கு."

சோதாம், நம் குடும்பத்தில் குடிகாரர் உண்டு, கோபக்காரர் உண்டு, மூன்று முறை தேர்தலில் நின்று தன் ஓட்டையும் சேர்த்து இழந்தவர் உண்டு. காப்பி அடித்தவர் மட்டும் கிடையாது. கொதித்துவிட்டேன். என் மண்டையில் முட்டை உடைத்து ஊற்றியிருந்தால் வெந்திருக்கும். மறுநாளே கடையில் நீதிமன்றம் கூட்டினேன். நீதிபதி நான். வல்லுநர், பதினான்காம் இருக்கையில் தினமும் மூன்று மணி நேரத்துக்குக் காசு கட்டிக் கப்பற்படை நடத்தும் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் பெக். சாட்சி, உன் அத்தை. அவள் சம்மதிக்கவில்லை, ஆனால் ராம்யோன் நூடுல்ஸ் வேகவைக்க எப்படியும் அங்கேதான் இருந்தாள்.

பதினான்காம் திரையில் உன் குழு சோதித்துப் பார்க்க வெளியிட்ட 'வெண்மீன் மண்டலம்', பதினைந்தாம் திரையில் மூன்று மாதம் முன்பே வெளிவந்த 'இருள்வெளி ராஜ்ஜியம்'. ஆசிரியர் பெக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் குற்றச்சாட்டை வாசித்தார். "ரெண்டுலயும் விண்கல்லைத் தோண்டித்தான் கப்பல் கட்டறாங்க, முதலாளி."

"விண்வெளியில வேற எதைத் தோண்டுவாங்க வாத்தியாரே, உருளைக்கிழங்கையா? எல்லா ராம்யோன்லயும்தான் நூடுல்ஸ் இருக்கு. ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரன் மேல வழக்கா போடறான்? தள்ளுபடி!"

"ரெண்டுலயும் பூச்சி மாதிரி ஒரு எதிரிக் கூட்டம் வருது."

"இந்த நாட்டுல வந்த எந்த விண்வெளி விளையாட்டுல பூச்சி வரல? தள்ளுபடி!"

அவர் எழுந்தே விட்டார். "ரெண்டுலயும் கோளுக்கு நம்பர் போட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு! நாலைக் காணோம்! மாட்டிக்கிட்டா!"

"வாத்தியாரே, நாலும் சாவும் ஒரே சத்தம், ஆகாதுன்னு இந்தக் கட்டடத்துலயே நாலாவது மாடி கிடையாது. நம்ம கடையில நாலாம் நம்பர் இருக்கை கிடையாது. நீங்க பொறந்த ஆஸ்பத்திரியில நாலாம் நம்பர் அறை இருந்துச்சா?"

இப்படிப் பதினொரு குற்றச்சாட்டுகளை அடித்து நொறுக்கினேன். அந்த நேரத்தில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிப் போயிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். பிறகு ஆசிரியர் இரண்டு விளையாட்டின் முழு வரைபடத்தையும் திறந்தார். அங்கேதான் என் 'தள்ளுபடி' நின்றுபோனது.

ஒன்றேதான், சோதாம். அச்சு அசல் ஒன்றேதான். இரண்டிலும் நடுவிலிருந்து சற்றே இடது பக்கம் ஒரு செத்த நட்சத்திரம். அதில் தோண்டக் கனிமம் இல்லை, இறங்க இடம் இல்லை, ஒளி இல்லை; வழியை மறித்துக்கொண்டு சும்மா நிற்கிறது, எல்லாக் கப்பலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கிழக்கு ஓரத்தில் இரண்டு கப்பல் சேர்ந்து போக முடியாத ஓர் இடுக்கு. தென்கிழக்கு மூலையில் ஆவி பறக்கும் ஒரு சின்னக் கோள். அடிபட்ட கப்பல் அங்கே போனால் மறுபடி தெம்பு பெறுகிறது. வடமேற்கு மூலையில் பச்சை மூட்டம். நுழைகிற கப்பல் எல்லாம் நுழைந்த வேகத்தில் வெளியே ஓடிவருகிறது. நுழைவாயிலில் வழுவழுவென்று ஒரு கொழுத்த கோள். அது நகர்வதே இல்லை. ஆனால் கடந்து போகும் ஒவ்வொரு கப்பலிடமும் எரிபொருளைப் பிடுங்குகிறது. எத்தனை குண்டு போட்டாலும் சாவதில்லை.

"என்ன அருவருப்பான கோள் இது, மனசாட்சியே இல்லாம!" என்றேன்.

ஆசிரியர் பெக் சோகமாகத் தலையசைத்தார். "ஒண்ணு ரெண்டு ஒத்துப்போனா தற்செயல். இவ்வளவும் ஒத்துப்போனா... பொண்ணு பார்த்துத்தான் வரைஞ்சிருக்கு, முதலாளி. வகுப்புல எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன்."

நான் நாற்காலியில் சரிந்தேன். உன்னை நம்பாமல் போன அந்த ஒன்றரை நிமிடத்துக்காக என்னை நீ மன்னிக்க வேண்டும். அதற்காகத்தான் முட்டைகோஸ் பன்னிரண்டு. உண்மையில் எட்டுதான் தருவதாக இருந்தோம்.

சரியாக அந்த நேரம் உன் அத்தை ஆசிரியருக்கு ராம்யோன் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். வந்தவள் வழக்கம்போல் கடையின் தூணில் தோளை இடித்துக்கொண்டாள். குழம்பு பாதி தரையில், பாதி என் சட்டையில். "ஐயோ! இந்தப் பாழாப்போன தூணு! கடை தொறந்த நாள்லேருந்து என் தோளைத் தின்னுது. இடிச்சுத் தொலைங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்!"

"இடிச்சா மேல இருக்கிற பல் ஆஸ்பத்திரியும் அதுக்கு மேல இருக்கிற தேவாலயமும் நம்ம தலையில இறங்கும். தூணு மேலதான் கட்டடமே நிக்குது" என்று நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன்.

ஆசிரியர் பெக் குழம்பைத் துடைக்கவில்லை. தூணைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தூணைப் பார்த்தார். "முதலாளி, வாசல்லேருந்து பார்த்தா இந்தத் தூணு எங்க நிக்குது?"

"நடுவுல. கொஞ்சம் இடது பக்கமா."

ஏழு கப்பற்படைகள் சண்டையை நிறுத்தின. பதினேழாம் இருக்கைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் நடுவில் இருவர் சேர்ந்து போக முடியாத இடுக்கு. தென்கிழக்கில் உன் அத்தையின் ராம்யோன் பானை. வடமேற்கில் கழிப்பறை. என் ரோமம் நட்டுக்கொண்டது. என் கடைதான் அண்டம்! பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து ஒன்பதாம் இருக்கையில் உட்கார்வாயே, அந்த ஆறு வருடமும் உன் கண்ணுக்குள் இறங்கி, கை தானாக வரைந்தது இதைத்தான்.

"அப்போ வாசல்ல எரிபொருள் பிடுங்கற அந்த வழுக்கைக் கோளு...?" என்றாள் உன் அத்தை.

எல்லோரும் கல்லாவைப் பார்த்தார்கள். அதைப் பற்றி உன்னிடம் தனியே பேசவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த இன்னொருவன்? 'இருள்வெளி ராஜ்ஜியம்' செய்தவனின் பெயரை ஆசிரியர் தேடிப் படித்தார். நாம்குங் ஹ்யோக். உன் அத்தை கரண்டியைக் கீழே போட்டாள். "நம்ம துணி வெளுக்கிற கடைக்காரம்மா மகன்! இருபத்திரண்டாம் நம்பர்! ராம்யோன்ல ரெண்டு முட்டை கேப்பானே!" அந்த வெளுப்புக்கடை அம்மாவிடம் எண் வாங்கி அங்கேயே போன் போட்டேன். புசானில் இருக்கிறான். குரல் மாறியிருக்கிறது, இழுவை மாறவில்லை.

"முதலாளி! நீங்க இன்னும்... நல்லா இருக்கீங்களா?"

"அந்தக் கேள்வியில ஒரு நிறுத்தம் இருந்துச்சு, அது எனக்குப் பிடிக்கல. ஏண்டா, உன் விளையாட்டுல நடுவுல ஒரு செத்த நட்சத்திரம் இருக்கே, அது எதுக்கு?"

"தெரியல முதலாளி. அது இல்லாம வரைஞ்சா விளையாட்டே வெறிச்சுனு இருந்துச்சு. ரெண்டு மாசம் யோசிச்சு நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"கண்ணை மூடு. என் கடைக்குள்ள நுழை. ராம்யோன் வாங்கிட்டு உன் இருக்கைக்கு நடந்து போ."

அவன் கண்ணை மூடியது எனக்கு இங்கே கேட்டது. பிறகு, "ஐயோ... தூணு" என்றான். "முதலாளி, அந்தத் தூணு. சின்ன வயசுல அதுல மோதி என் முன்பல்லே போச்சு. அப்போ அந்தப் பொண்ணு, சோதாம்... ஒன்பதாம் நம்பரா? என் விளையாட்டைத் திருடிட்டான்னு நானே நாலு இடத்துல எழுதினேனே!" அவன் அழுதானா சிரித்தானா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தன் பெயர் போட்டு, முத்திரை குத்தி, "இவர் என்னைப் பார்த்து வரையவில்லை, நாங்கள் இருவரும் ஒரே அறையில் வளர்ந்தோம்" என்று எழுதி அனுப்பிவிட்டான். அதைக் கடையில் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பெக் ஆசிரியர் கடையை அளந்து, திசை குறித்து, அளவுகோலோடு வரைந்த வரைபடமும் இருக்கிறது. நாற்பது வருடத்தில் தான் வரைந்ததிலேயே இதுதான் சிறந்தது என்கிறார். இரண்டையும் உன் குழுத் தலைவரின் மேசையில் அறைந்து வை. கையெழுத்துப் போடாதே. நிமிர்ந்து நில்.

நீ அவனைக் காப்பியடிக்கவில்லை, அவன் உன்னைக் காப்பியடிக்கவில்லை. இந்த வழக்கில் காப்பியடிக்கப்பட்ட ஒரே ஆத்மா நான்தான். விண்வெளியின் மூலவன், இரண்டு அண்டங்களின் தந்தை குவாக் மான்சு! எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். இரண்டு விளையாட்டிலும் செத்த நட்சத்திரத்தின் உச்சியில் என் மார்பளவுச் சிலை ஒன்று, தலையில் முடியோடு. அவ்வளவுதான். உலகத்தில் எவன் எதைப் பார்த்து வரைந்தாலும், இந்தத் தூணை மட்டும் முதலில் நிறுத்தியவன் நான் என்று வரலாறு சொல்லட்டும்.

உன் கண்ணில் தூக்கமும், தட்டில் சோறும், கப்பல்களில் எரிபொருளும் குறையாமல் இருக்கட்டும். உன் குழுத் தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல், ஆனால் கொஞ்சமாகச் சொல். அத்தையும் ஆசிரியரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
இரண்டு அண்டங்களுக்கும் ஒரே மாமன்,
குவாக் மான்சு.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மனசாட்சி, அந்த வழுக்கைக் கோளுக்கும் அது இருக்கிறது, உறுத்துகிறது. நான் கடை திறப்பதற்கு முன் எதிர்சாரியில் ஓ என்பவர் இதே தொழிலில் கொடிகட்டிப் பறந்தார். கழிப்பறைக்குப் போகிற சாக்கில் பதினொரு முறை அவர் கடைக்குப் போய், சட்டைப்பையில் ஒளித்த நூலால் அளந்து, அப்படியே ஒரு தாளில் வரைந்து தச்சரிடம் கொடுத்தேன். "நடுவுல இந்த வட்டம் என்னங்க?" என்று கேட்டார். ஓவின் கடையில் அது கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் தூண். நம் கட்டடத்துக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை. எனக்கு அப்போது அது புரியவில்லை. "என்னவா இருந்தா என்ன, இருக்கிறபடியே போடுங்க" என்றேன். தச்சர் ஒட்டுப்பலகையில் ஒரு தூண் செய்து நிறுத்தி வண்ணம் பூசிவிட்டுப் போனார். அது எதையும் தாங்கவில்லை. இருபத்தாறு வருடமாக உன் அத்தையின் தோளைத் தவிர அது எதையும் தொட்டதுகூட இல்லை. ஆகவே மேலே 'மூலவன்', 'தந்தை', 'குடும்பத்தில் காப்பி அடித்தவர் கிடையாது', 'வரலாறு', 'சிலை' என்று வரும் இடங்களை எல்லாம் அடித்துவிடு. 'கையெழுத்துப் போடாதே' என்பது மட்டும் நிற்கட்டும். அத்தையிடம் மூச்சு விடாதே. இன்னொன்று: உன் குழுத் தலைவர் அப்போதும் முகம் சுளித்து, உன் விளையாட்டுக்கும் அவனுடையதுக்கும் ஒரு வித்தியாசமாவது காட்டு என்று கேட்டால், அந்தச் செத்த நட்சத்திரத்தின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு வை. கப்பல் உள்ளே போகட்டும். நாம்குங் பல்லால் இடித்துப் பார்த்தவன், தட்டிக் காது கொடுத்துக் கேட்டவன் இல்லை. உள்ளே காலி என்பது அண்டத்திலேயே உனக்கும் எனக்கும்தான் தெரியும்.