முப்பத்தொன்பது கொம்பையாக்கள்

2013-ஆம் ஆண்டு, வல்லம் வடகாலில் கார் சீட்டு தைக்கும் ஒரு கம்பெனியில், ஒரு பெண்ணுக்கு முதல் மெசேஜ் எப்படி அனுப்புவது என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

பெண்ணின் பெயர் இசக்கிசெல்வி. இருங்காட்டுக்கோட்டையில் ஹாஸ்டல் வாசம், செல்போன் கம்பெனியில் வேலை. டேட்டிங் வெப்சைட்டில் அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து தையல் லைனில் நிற்கும் கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது தடவை "ஹாய்" அனுப்பினான். பதில் இல்லை. அந்த வருத்தத்தில் இரண்டு சீட்டுகளைத் தலைகீழாகத் தைத்துவிட்டான். விஷயம் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர் நரசிம்மனிடம் போனது.

"குறை சீட்டில் இல்லை, மெசேஜில்" என்று கண்டுபிடித்தார் நரசிம்மன். "முறைப்படி ஒப்பிட்டுப் பார்ப்போம்."

முதல் ஷிப்டின் முப்பத்தெட்டு பேரும், அதே வெப்சைட்டில் ஆளுக்கொரு பெண்ணுக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனையில் இறக்கப்பட்டார்கள். முதல் வாரம் "ஹாய்": பதில் பூஜ்யம். இரண்டாம் வாரம் "சாப்டீங்களா?": ஒரே பதில், "உனக்கென்ன?" மூன்றாம் வாரம் கவிதை: பதினாறு பேர் பிளாக் செய்யப்பட்டார்கள். மூன்றிலும் கண்ணியம் குறைவு என்று தீர்மானித்த குழு, நான்கு முறை திருத்தி, ஒரு மெசேஜுக்கு ஒப்புதல் அளித்தது:

"அன்புடையீர், தங்கள் சுயவிவரம் எங்கள் கவனத்துக்கு வந்தது. தகுதி அடிப்படையில் பரிசீலிக்க விரும்புகிறோம். இப்படிக்கு, கொம்பையா."

பத்தே நிமிடத்தில் இசக்கிசெல்வியின் பதில் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஐயா, பயோடேட்டா அனுப்பியிருக்கேன். பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? பஸ் உண்டா?"

"சார், அந்தப் புள்ள வேலல்லா கேக்கு!" என்றான் கொம்பையா.

"பதில் வந்ததா, இல்லையா?"

"வந்துச்சி."

"குழுவின் நோக்கம் பதில்தான். வெற்றி."

மதியம் கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்று, யார் ஒப்புதலும் இல்லாமல் கொம்பையா டைப் செய்தான்: "வேல ஒண்ணும் இல்ல, மன்னிச்சிக்கோங்க. நான் கொம்பையா. சீட்டு தைக்கேன். உங்ககூடப் பேசணும்னு ஆச. வேற ஒண்ணும் தெரியாது."

"அப்பாடா! எந்தூரு நீங்க?"

"சாத்தான்குளம்."

"நாங்க நாசரேத்து!"

மறுநாள் ஒரு சீட்டில்கூடத் தப்பு இல்லை. சந்தேகப்பட்ட நரசிம்மன் விசாரித்து உண்மையைக் கண்டார். அனுமதியின்றி உண்மை பேசியதற்குக் கொம்பையாவுக்கு மெமோ வந்தது. அதே தாளின் பின்பக்கத்தில், அந்த மெசேஜே இனி நிலையான நடைமுறை என்றும், பலன் நிரூபிக்கப்பட்ட அதே பெண்ணுக்கே எல்லாரும் அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவு.

"பேர மட்டும் மாத்திக்கலாமா சார்?" என்று கேட்டான் குழுவின் எழுத்தர் அய்யாத்துரை.

"ஓர் எழுத்து மாறினாலும் அது வேற மெசேஜ்."

சாயந்தரம் இசக்கிசெல்வி எழுதியிருந்தாள்: "இன்னையோட முப்பத்தொன்பது கொம்பையா வந்திருக்காங்க. எல்லாரும் சீட்டு தைக்காங்களாம். சாத்தான்குளத்துக்காரரு மட்டும் ஞாயித்துக்கெழம வல்லக்கோட்டை கோயிலுக்கு வாங்க."

கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் கணக்கு இடித்தது. ஷிப்டில் அவனையும் சேர்த்து முப்பத்தெட்டு பேர்தானே?

"நாங்க முப்பத்தெட்டு பேருதான். போட்டோவுல தனியாத் தெரியிற ஆளு யாரு?"

"தல நரச்சிருக்கு. கண்ணாடி போட்டிருக்காரு. பின்னால செவுத்துல 'தரமே உயிர்'னு எழுதியிருக்கு."

மறுநாள் கொம்பையா மேனேஜர் அறைக்குப் போய் நின்றான். "சார், நீங்களுமா?"

"அது சாம்பிள் சோதனை" என்றார் நரசிம்மன், ஃபைலிலிருந்து தலை நிமிராமல். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்ப்பா, பதில் வருமா?"